பதுங்கி ஆடுவது: ஆன்லைன் ஷூட்டர் ஆடுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வேளச்சேரியில் ஒரு கேமிங் சென்டரில் சாயங்கால ஷிஃப்ட் பார்க்கிறேன். காலேஜ் விட்டு வருகிற கூட்டம், ஐடி கம்பெனியில் நைட் ஷிஃப்ட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போகிற கூட்டம், எல்லோரும் கேட்பது சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். தினமும் ஒரே கதையைச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். இங்கே அதிகம் ஓடுவது கவுன்டர் ஸ்ட்ரைக் 2, வாலரண்ட், கால் ஆஃப் டூட்டி, போனில் பிஜிஎம்ஐ. அப்டேட் வந்தால் சின்னச் சின்ன விஷயங்கள் மாறும், பிராக்டிஸ் மேப்பில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, பதுங்கி ஆடுறதும் கேம்ப் அடிக்கிறதும் ஒண்ணுதானே?

இல்லை. கேம்ப் அடிப்பவன் ஒரு மூலையில் உட்கார்ந்து, யாராவது வருவார்களா என்று காத்திருக்கிறான். முதல் ஆளைச் சுட்டதும் அவன் கதை முடிந்தது, ஏனென்றால் செத்தவன் உடனே மைக்கில் “கதவுக்குப் பின்னாடி இருக்கான்டா” என்று சொல்லிவிடுவான். அதற்குப் பிறகும் அதே மூலையில் இருந்தால் அடுத்து வருவது ஆள் இல்லை, கிரனேடு.

பதுங்கி ஆடுபவன் நகர்ந்துகொண்டே இருப்பான். எதிர் டீம் ஐந்து பேரும் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்: இரண்டு பேர் இங்கே, ஒருவன் நடுவில், மிச்சம் இரண்டு பேர் அந்தப் பக்கம். அந்தக் கணக்கில் நீங்கள் எங்கே இருப்பதாக எழுதியிருக்கிறதோ அங்கே இல்லாமல் இருப்பதுதான் வேலை. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதன் கிளைகள்தான். கேம்ப் அடிப்பது பாவம் என்றும் நான் சொல்லவில்லை. பாம் சைட்டை (எதிர் டீம் பாம் வைக்க வரும் இடம், ஏ, பி என்று பெயர் வைத்திருப்பார்கள்) காக்க வேண்டியவன் அங்கே நின்றுதான் ஆக வேண்டும், அவனைப் போய் கேம்பர் என்று திட்டுவது அபத்தம்.

நான் மெதுவா நடந்துதான் போறேன், அப்பவும் எப்படிக் கண்டுபிடிக்கிறானுங்க?

காலடியை மட்டும் அடக்கியிருப்பீர்கள், மற்ற சத்தங்களை மறந்திருப்பீர்கள். கவுன்டர் ஸ்ட்ரைக்கிலும் வாலரண்டிலும் ஷிஃப்ட் அழுத்தி நடந்தாலோ குனிந்து போனாலோ காலடி கேட்காது, சரி. ஆனால் குதித்து இறங்கினால் கேட்கும். ரீலோடு கேட்கும். ஸ்னைப்பரில் ஸ்கோப் போட்டால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கும். நம் ஆட்கள் பாதிப் பேருக்கு இன்னொரு வியாதி உண்டு: மூன்று குண்டு சுட்டதும் கை தானாக ரீலோடு பட்டனுக்குப் போய்விடும். மேகசினில் இருபத்திச் சொச்சம் குண்டு மிச்சமிருக்கிறது, எதிரி சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறான், இவன் ‘கிளிக் கிளக்’ என்று அட்ரஸ் கொடுக்கிறான்.

வாலரண்டில் ஒரு வசதி இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை. ஓடும்போது மினிமேப்பில், அதாவது திரை மூலையில் இருக்கும் சின்ன மேப்பில், உங்களைச் சுற்றி ஒரு வட்டம் வரும். உங்கள் சத்தம் எதுவரை போகிறது என்பதற்கு அதுதான் எல்லை. எதிரி அந்த வட்டத்துக்கு வெளியே என்று நிச்சயமாகத் தெரிந்தால் தாராளமாக ஓடலாம். ரெயின்போ சிக்ஸ் சீஜ் ஆடுபவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே சத்தம் சுவரைத் துளைத்து நேராக வராது, கதவு, ஜன்னல், சுவரில் போட்ட ஓட்டை என்று திறந்த வழியாகச் சுற்றி வரும். யாரோ ஒரு சுவரை உடைத்துவிட்டால் அந்த ரவுண்டில் சத்தம் வரும் திசையே மாறிவிடும்.

அப்போ ரவுண்டு முழுக்க ஷிஃப்டை அழுத்திட்டே இருந்தா போதுமா?

போதாது, நேரம் போய்விடும். வாலரண்டில் ஒரு ரவுண்டு 100 விநாடி, கவுன்டர் ஸ்ட்ரைக்கில் 1 நிமிடம் 55 விநாடி. நடந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. நீங்கள் பூனை மாதிரி போய்ச் சேர்வதற்குள் அந்தப் பக்கம் உங்கள் டீம் நாலு பேரும் காலி.

எங்கே ஓடுவது, எங்கே நடப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் சில விநாடிகள் எதிரி தூரத்தில் இருப்பான், ஓடலாம். சந்தேகமான இடம் நெருங்கியதும் ஷிஃப்ட். நடுவில் பக்கத்திலேயே துப்பாக்கிச் சண்டை வெடித்தால், ஸ்மோக் விழுந்தால், கிரனேடு வெடித்தால், அந்தச் சத்தத்துக்குள் நாலு எட்டு ஓடிவிடுங்கள். சுடுகிறவன் காதில் அவன் துப்பாக்கிச் சத்தம்தான் நிறைந்திருக்கும். சண்டை அடங்கியதும் நின்றுவிட வேண்டும். எல்லோரும் தவறுவது இந்த நிற்கிற இடத்தில்தான், சத்தம் அடங்கின பிறகும் இரண்டு காலடி கூட வைத்துவிடுவார்கள்.

சைலன்சர் போட்டா சத்தமே கேட்காதா?

கேட்கும். சைலன்சர் சத்தத்தைக் குறைக்கும், அதைவிட முக்கியமாக மற்ற தடயங்களைக் குறைக்கும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் எம்4ஏ1-எஸ் என்ற சைலன்சர் துப்பாக்கியால் சுட்டால் குண்டு போகும் கோடு தெரியாது. வாலரண்டில் சைலன்சர் உள்ள ஃபேன்டம் துப்பாக்கியும் அது இல்லாத வேண்டலும் விலை ஒன்றுதான், ஆனால் வேண்டல் குண்டு எதிரிக்குக் கோடு போட்டுக் காட்டும், ஃபேன்டம் காட்டாது. ஸ்மோக்குக்குள்ளிருந்து சுடப் பிடித்தவர்கள் ஃபேன்டம் எடுப்பது இதற்காகத்தான். தூரத்தில் குண்டின் பலம் குறையும் என்பதுதான் அதில் நஷ்டம்.

கால் ஆஃப் டூட்டியின் பெரும்பாலான பதிப்புகளில் சைலன்சர் இல்லாமல் சுட்டால் எதிரி மினிமேப்பில் சிவப்புப் புள்ளியாக விழுவீர்கள். போட்டுக்கொண்டால் புள்ளி வராது. ஆனால் எதிரி யூஏவி (மினிமேப்பில் உங்களைக் காட்டிக்கொடுக்கும் வேவு விமானம்) விட்டால் சைலன்சர் காப்பாற்றாது, அதற்கு கோஸ்ட் என்ற பெர்க், அதாவது கூடுதல் திறன், வேண்டும். காலடிக்கு டெட் சைலன்ஸ். மூன்றும் மூன்று வெவ்வேறு ஓட்டையை அடைக்கின்றன, ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்று ஏன் ஒழுகுகிறது என்று கேட்காதீர்கள்.

பிஜிஎம்ஐ-ல புல்லுக்குள்ள படுத்திருந்தேன், அவ்வளவு தூரத்துல இருந்து தலையில போட்டுட்டான். ஹேக்குதானே?

இந்தக் கேள்வி பப்ஜி காலத்திலிருந்து வருகிறது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்து, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று வந்தபோதும் கேள்வி மட்டும் மாறவில்லை. ஹேக் ஆட்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது புல். தூரத்துப் புல்லை கேம் முழுசாக வரையாது, வரைந்தால் போன் திணறிவிடும். உங்கள் திரையில் இடுப்புயரப் புல், நீங்கள் அதற்குள் ராஜா மாதிரி படுத்திருக்கிறீர்கள். தூரத்து மலையிலிருந்து பார்க்கிறவன் திரையில் அங்கே வெறும் பச்சைத் தரை, நடுவில் சிவப்பு ஜாக்கெட் போட்ட நீங்கள். அதுவும் காசு கொடுத்து வாங்கின பளபள உடையென்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் பக்கத்து எதிரிக்குப் புல், தூரத்து எதிரிக்குக் கல், மரம், மேடு. மேடு என்றால் உச்சியில் இல்லை, உச்சிக்குச் சற்றுக் கீழே, பின்னால் மண் இருக்கும்படி. உச்சியில் நின்றால் வானத்துக்கு எதிரே உங்கள் உருவம் கத்தரித்து வைத்த மாதிரி தெரியும். நிறத்தைவிட அசைவு இன்னும் மோசம். அசையாத ஆளைக் கண் தாண்டிப் போய்விடும், படுத்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்க்கிறவனைப் பிடித்துவிடும்.

மொபைலில் இன்னொன்று: பக்கத்து காலடியும் துப்பாக்கிச் சத்தமும் மினிமேப்பிலேயே குறியாக வரும், பஸ்ஸில் காது கேட்காமல் ஆடுகிறவனுக்கும் தெரியும். வீட்டுக்குள் போனதும் குனிந்து நடங்கள், அல்லது ஜாய்ஸ்டிக்கை லேசாக மட்டும் தள்ளுங்கள், சத்தம் நன்றாகக் குறையும்.

என்ன ஹெட்போன் வாங்கலாம்? ரிச்சி ஸ்ட்ரீட்ல கம்மி விலைல கிடைக்கிறது போதுமா?

போதும், வயர் இருந்தால். சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் 0.1, 0.2 விநாடி தாமதமாக வருவது சகஜம். பாட்டுக்கு அது ஒன்றுமே இல்லை, காலடிக்கு அவ்வளவு தாமதம் என்றால் எதிரி மூலையைத் தாண்டிவிட்டான். வாங்கும்போது கடையிலேயே இடது வலது சரியாக வருகிறதா என்று மாட்டிப் பாருங்கள். பெட்டியில் 7.1 சரவுண்ட் என்று எழுதியிருப்பதற்காக அதிகக் காசு கொடுக்க வேண்டாம். வாலரண்டில் ஹெச்ஆர்டிஎஃப் என்று செட்டிங் உண்டு, சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனிலேயே முன் பின் மேல் கீழ் பிரித்துக் காட்டும். அதைப் போட்டுவிட்டு விண்டோஸிலும் ஒரு சரவுண்ட் போட்டால் இரண்டும் குழம்பி ஒன்றும் புரியாது. ஒன்றுதான் வேண்டும்.

வீட்டில் ஆடுகிறவர்களுக்கு ஹெட்போனைவிடப் பெரிய பிரச்சினை ஃபேன். மே மாதம் ஃபேனை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காதை முழுசாக மூடுகிற மாடல் எடுத்தால் ஃபேன் சத்தம் குறையும், காது வேர்க்கும். எது பரவாயில்லையோ அதை எடுங்கள்.

முதுகு காட்டிட்டு நிக்கிறான். உடனே சுடவா, விடவா?

உங்கள் ஒரு குண்டுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். சுட்ட நொடியில் முதல் பதிலில் சொன்ன அந்தக் கணக்கில் உங்கள் பெயர் ஏறிவிடுகிறது. ஒரே ஒரு ஆள், மற்றவர்கள் எங்கே என்று தெரியவில்லை, உங்கள் டீம் இன்னும் தயாராகவில்லை என்றால் இரண்டு விநாடி பொறுப்பது நல்லது.

ஒரு உதாரணம். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் மிராஜ் மேப். உங்கள் நாலு பேர் ஏ பக்கம் போகிறார்கள், நீங்கள் மட்டும் பி அபார்ட்மெண்ட்டில். வெளியே சைட்டில் ஒருவன் இருக்கிறான், அவன் ரீலோடு சத்தம் கேட்கிறது. எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். இப்போது எட்டிப் பார்த்துச் சுட்டால் ஒன்று ஜெயிக்கலாம், இல்லை சாகலாம், பாதிக்குப் பாதி. பொறுங்கள். ஏ பக்கம் ஸ்மோக் விழுகிறது, சண்டை ஆரம்பிக்கிறது. இங்கே இருப்பவனுக்கு இருப்புக் கொள்ளாது, மைக்கில் “வா வா” என்று கூப்பிடுவார்கள். காலடிச் சத்தம் உங்களிடமிருந்து விலகிப் போகும். அவன் முதுகு இப்போதுதான் உண்மையான முதுகு, ஓடுகிறான், துப்பாக்கி முன்பக்கம் பார்க்கிறது, அவன் காதில் அவனுடைய காலடியே ஓங்கி ஒலிக்கிறது. சுடலாம். அல்லது அவனை விட்டுவிட்டு, பாம் கையில் இருந்தால் காலியான பி சைட்டில் வைக்கலாம்.

அதிகம் பொறுத்தாலும் கெட்டது. உங்கள் டீம் செத்துக்கொண்டிருக்கும்போது இன்னும் நல்ல வாய்ப்பு வரும் என்று உட்கார்ந்திருந்தால், முதல் கேள்வியில் வந்த கேம்பர் நீங்கள்தான். ஏ பக்கம் முதல் குண்டு வெடித்ததும் உங்கள் கடிகாரமும் ஓட ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஆளா மாட்டிக்கிட்டேன், எதிர்ல மூணு பேர். அமைதியா இருக்கிறதா, சத்தம் போடறதா?

இரண்டும். சத்தம் என்பது எதிரிக்குப் போகிற செய்தி என்று எடுத்துக்கொண்டால், பொய்ச் செய்தியும் அனுப்பலாம். ஒரு பக்கம் வேண்டுமென்றே நாலு அடி ஓடிவிட்டு, ஷிஃப்ட் பிடித்து வந்த வழியே திரும்புங்கள். மூன்று பேரும் ஓடின பக்கம் திரும்பினால் ஒவ்வொருவராக எடுக்கலாம். மூன்று பேரை ஒரே நேரத்தில் சந்திக்காமல் இருப்பதுதான் மொத்தத் திட்டமே.

பாமை டிஃப்யூஸ் செய்ய (வெடிக்காமல் அணைக்க) வேண்டிய நிலையில் இது இன்னும் நன்றாக வேலை செய்யும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் டிஃப்யூஸ் செய்ய 10 விநாடி, அதற்கான கிட் இருந்தால் 5. வாலரண்டில் 7, அதிலும் பாதியைத் தாண்டிவிட்டால் அடுத்த தடவை அங்கிருந்தே தொடரலாம். தொட்டதும் சத்தம் கேட்கும், மறைந்திருப்பவன் பதறி வெளியே வருவான். தொட்டுவிட்டுக் கையை எடுத்து அவன் வரும் வழியில் துப்பாக்கியைக் காட்டுங்கள். அவனும் தெரிந்தவன் என்றால் முதல் தடவை வர மாட்டான், இரண்டாவது தடவையும் பொய் என்று நினைப்பான், அப்போது நிஜமாகவே டிஃப்யூஸ் செய்துவிடலாம். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் பாம் வெடிக்க 40 விநாடி, வாலரண்டில் 45, இந்த நாடகத்துக்கு நேரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எதிர் டீம்ல ஒருத்தன் இப்படி ஆடுறான். அவனை எப்படிப் பிடிக்கிறது?

எண்ணுங்கள். நாலு பேர் தெரிகிறார்கள் என்றால் ஐந்தாவது ஆள் எங்கே என்று ஒருவராவது மைக்கில் கேட்க வேண்டும். பாதி வேலை அதிலேயே முடிந்தது. மிச்சத்துக்கு ஒவ்வொரு கேமும் ஒரு மருந்து வைத்திருக்கிறது: வாலரண்டில் சைஃபர் என்ற பாத்திரம் கட்டும் கம்பி, சோவா என்ற பாத்திரம் விடும் வேவு அம்பு, சீஜில் ட்ரோன், பெரும்பாலான கேம்களில் சந்தேக மூலைக்கு ஒரு கிரனேடு.

எனக்குப் பிடித்தது ஹன்ட் ஷோடவுன். அங்கே மேப்பே வேவு பார்க்கும். காக்கைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் போனால் பறக்கும், உடைந்த கண்ணாடி மேல் கால் வைத்தால் நொறுங்கும், கூண்டு நாய் குரைக்கும். காக்கை பறந்தால் அங்கே ஆள். டீம் ஃபோர்ட்ரஸ் 2-வில் 2007-லிருந்தே ஸ்பை என்ற பாத்திரம் உண்டு, நம் ஆள் வேஷம் போட்டு நடுவில் நடந்து வந்து முதுகில் குத்துவான், ஒரே குத்தில் காலி. அவனுக்கும் ஓட்டை இருக்கிறது: சொந்த டீம் ஆட்கள் ஒருவருக்குள் ஒருவர் புகுந்து போகலாம், ஸ்பை மேல் இடித்தால் முட்டும். பைரோ என்ற பாத்திரம் சும்மா போகிற வருகிறவன் மேலெல்லாம் நெருப்பை ஊதுவதும் இதற்காகத்தான், பற்றிக்கொண்டால் எதிரி. ஆள் மறைந்து வருவதையும் மறைந்தவனைப் பிடிப்பதையும் ஒருசேரக் கற்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது, அதுவும் இலவசம்.

மூலையைப் பிடிச்சுட்டு அசையாம நிக்கிறேன், வர்றவன்தான் முதல்ல சுடுறான். நெட்டு பிரச்சினையா?

பாதி நெட்டு. நீங்கள் அசையாமல் நிற்கும் இடம் அவன் கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே தெரியும். அவன் மூலையைத் தாண்டின அதே நொடியில் அவன் திரையில் நீங்கள் இருக்கிறீர்கள். அவன் தாண்டின செய்தியோ சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்களுக்கு வந்து சேர வேண்டும். அந்த இடைவெளி முழுக்க அவனுக்கு லாபம். இரண்டு பேருடைய பிங்கும் (சர்வருக்குச் செய்தி போய் வர ஆகும் நேரம்) இதில் சேரும், அதனால் உங்களுக்கு நல்ல நெட் இருந்தாலும் இது முழுசாகப் போகாது. கவுன்டர் ஸ்ட்ரைக்குக்குச் சென்னையிலேயே சர்வர் இருக்கிறது, நமக்கு அதிர்ஷ்டம். வாலரண்டுக்கு மும்பை வரை போய் வர வேண்டும். மழைக்காலத்தில் தெருமுனைப் பெட்டியில் தண்ணீர் புகுந்தால் இரண்டும் ஒன்றுதான்.

மறுபாதி நிற்கிற இடம். மூலைக்கு ஒட்டி நிற்கிறீர்களா, தள்ளி நிற்கிறீர்களா? மூலையிலிருந்து யார் அதிக தூரத்தில் இருக்கிறாரோ அவர்தான் அடுத்தவரின் தோளை முதலில் பார்ப்பார். சுவரை ஒட்டி நிற்பது பாதுகாப்பு மாதிரி தோன்றும், நடப்பது நேரெதிர். பின்னால் தள்ளி நின்று, அவன் எதிர்பார்க்காத உயரத்திலோ பக்கவாட்டிலோ இருந்தால் நெட்டின் நஷ்டத்தை ஓரளவு ஈடுகட்டலாம்.

டீம்ல எல்லாரும் திட்டுறானுங்க, “நீ மட்டும் எங்கடா ஊர் சுத்துற”ன்னு. என்ன சொல்றது?

அவர்கள் திட்டுவதற்கு முன்னால் சொல்லுங்கள். “நான் பி பக்கம் தனியா போறேன், ஏ-ல சத்தம் பண்ணுங்க, காலடி கேட்டா சொல்றேன்.” இவ்வளவுதான். ஒளிய வேண்டியது எதிரியிடம், டீமிடம் இல்லை. நீங்கள் ஒரு ஆளைக்கூடச் சுடாமல், “பி-ல யாரும் இல்லை, எல்லாரும் அங்க வர்றானுங்க” என்று சொன்னாலே அந்த ரவுண்டில் உங்கள் பங்கு வந்துவிட்டது. ஸ்கோர்போர்டில் அது தெரியாது, அதற்காக மூக்கைச் சிந்த வேண்டாம். ஐந்து பேரில் இரண்டு பேர் இப்படித் தனியாகக் கிளம்பினால் மட்டும் வேலைக்கு ஆகாது, ஒருவர் போதும்.

வீட்டிலிருந்து ஆடினால் மைக்கை எப்போதும் திறந்து வைக்காதீர்கள், பட்டன் அழுத்திப் பேசுகிற மாதிரி வையுங்கள். நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காலடியைத் தேடுகிற நேரத்தில் டீம்மேட் வீட்டு மிக்ஸி தேங்காய் அரைத்தால் என்ன கேட்கும்?

பிரைட்னஸ் ஏத்திக்கிறது, எதிரியோட ஸ்ட்ரீமைப் பார்க்கிறது, பக்கத்து ஸ்க்ரீனை எட்டிப் பார்க்கிறது, இதெல்லாம் தப்பா?

பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் எல்லாம் கேமே கொடுக்கிற செட்டிங், தப்பில்லை. இருட்டு மூலை உங்களை மறைக்கும் என்று நம்பாதீர்கள், எதிரியும் ஏற்றித்தான் வைத்திருப்பான். எதிரி தன் ஆட்டத்தை நேரலையாகக் காட்டும் ஸ்ட்ரீமைப் பார்த்து அவன் இடத்தைக் கண்டுபிடிப்பது ஏமாற்று. சுவருக்குள் பார்க்கிற சாஃப்ட்வேர் பற்றிக் கேட்கவே வேண்டாம், அக்கவுண்ட் போகும். பிஜிஎம்ஐ-யில் எதிர் அணியோடு ரகசியமாகக் கூட்டுச் சேர்வதும் இதே கணக்கில்தான் வரும்.

பக்கத்து ஸ்க்ரீன் விஷயம் எங்கள் சென்டரில் தினசரித் தகராறு. ஒரே ரூமில் இரண்டு டீம், செத்தவன் எழுந்து போய் எதிர் டீம்காரன் பின்னால் நின்று தண்ணீர் குடிப்பான், குடித்துவிட்டுத் தன் நண்பன் தோளைத் தட்டுவான். அதனால் இங்கே நேருக்கு நேர் மேட்ச் என்றால் இரண்டு டீமையும் எதிரெதிர் வரிசையில் உட்கார வைக்கிறோம், செத்தவன் ரவுண்டு முடியும்வரை சீட்டை விட்டு எழக் கூடாது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் என்னிடம் சொல்லிவிட்டு என் பக்கம் இருக்கும் கதவு வழியாகப் போகலாம்.